அப்பா காத்திருந்த நாடகம் எங்கே?

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக் குழுவினருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மூன்று மணி நேரம் ஒளிபரப்பினீர்களே, 'சின்னத்திரையின் ஐம்பது ஆண்டுச் சிரிப்பு', அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சென்னைத் தொலைக்காட்சி, அதாவது தூர்தர்ஷன், 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஐம்பது ஆண்டு என்றால் அங்கிருந்துதானே வர வேண்டும்? அந்த நம்பிக்கையில்தான் என் அப்பா உட்கார்ந்தார்.

அவருக்கு 81 வயது, காது மந்தம். அன்று மெஷினுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு, சாப்பாட்டையும் முன்னதாகவே முடித்துவிட்டார். எண்பதுகளில் அயனாவரத்தில் எங்கள் தெருவில் இரண்டே வீட்டில்தான் டிவி. செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் எங்கள் கூடத்தில் பாய் விரித்துவிடுவோம். சபாவில் டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்க வசதியில்லாத தெரு அது. எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்' வந்தபோது ஒருவர் சிரித்து அடங்குவதற்குள் அடுத்தவர் தொடங்குவார், வசனம் கேட்கவில்லை என்று அப்பா அதட்டுவார்.

ஞாயிறன்று முதலில் வந்தது வடிவேலு காமெடி. பிறகு கவுண்டமணி, செந்தில். "இது படத்துல வந்ததாச்சேப்பா, நம்ம டிராமா எப்ப வரும்?" என்று அப்பா கேட்டார். வரும் என்றேன். ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் கேட்டார், நானும் வரும் வரும் என்றே சொன்னேன். கடைசிவரை வரவில்லை. முப்பது காட்சிகளில் பதினொன்று சினிமா, மிச்சமெல்லாம் 2000க்குப் பிறகு வந்தவை. போதாததற்கு ஒவ்வொரு வசனத்தின் மேலும் நீங்கள் சேர்த்த சிரிப்புச் சத்தம். காது மெஷினில் அது வெறும் இரைச்சல். பதினொரு மணிக்கு மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

வடிவேலுவுக்கு நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான். ஆனால் அது தியேட்டருக்காக எடுத்தது. தொலைக்காட்சிக்கென்றே எழுதி, நடித்துச் சிரிக்கவைத்தவர்களுக்குரிய இடத்தில் அதை வைத்ததுதான் வருத்தம். 'லொள்ளு சபா'வைச் சேர்த்தீர்கள், மகிழ்ச்சி. மனோகர் உடம்பை ஆட்டி ஆட்டிப் பேசுவதை எங்கே வெட்டினாலும் சிரிப்பு வரும். நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' அப்படியல்ல. கணவன் பெயரும் மனைவி பெயரும் ரமணி. அவர்கள் சண்டையோடு பத்து நிமிடமாவது கூட உட்கார்ந்தால்தான் அது சிரிப்பு. இருபது நொடித் துண்டுகளாகத் தேடினால் அது கண்ணில் படாது.

புடவை கட்டிய ஆணை வைத்தும், கறுப்பு நிறத்தை வைத்தும் செய்த கேலிகள் மட்டும் ஏழு இருந்தன. எங்கள் வீட்டில் பத்து வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள், மாநிறம்கூட இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எழுதியவர்கள் பெயரை ஓர் இடத்திலாவது போட்டீர்களா? அதுவும் இல்லை. கோபத்தில் விஷயத்தை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

தொலைபேசியில் கேட்டபோது, பழைய நாடகங்களின் உரிமை தங்களிடம் இல்லை என்றார் ஓர் ஊழியர். பதினொரு சினிமாக் காட்சிகளுக்கு உரிமை வாங்க முடிந்ததே? தூர்தர்ஷனிடம் கேட்டீர்களா? பிரதி கிடைக்காவிட்டால் நேயர்களிடமாவது கேட்டிருக்கலாம். பிபிசி தான் அழித்துவிட்ட நிகழ்ச்சிகளின் பிரதிகளைப் பொதுமக்களிடமே கேட்டுத் தேடியது. 1969இல் ஒளிபரப்பான 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரின் இரண்டு பகுதிகள் 2001இல் திரும்பக் கிடைத்தன.

ஆகவே தயவுசெய்து பட்டியலைத் திருத்துங்கள். சினிமாவை எடுத்துவிட்டு, 2000க்கு முந்தைய தொலைக்காட்சி நகைச்சுவையைச் சேர்த்து, அந்தச் சிரிப்புச் சத்தம் இல்லாமல் மறுபடி ஒளிபரப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம் செய்தால் நல்லது, அப்பாவுக்கு வயதாகிறது.

எங்கள் பரணில் ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. மேலே அப்பா கையெழுத்தில் 'செவ்வாய் நாடகம்' என்று எழுதியிருக்கிறது. பூஞ்சை பிடித்திருக்கிறது, போட்டுப் பார்க்க டெக் இல்லை. தங்களுக்குப் பயன்படும் என்றால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அயனாவரத்திலிருந்து ஒரு நேயர்