படகின் பித்தளைக் குழாய்: தம்பிக்கு

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

பத்து மாவுங்கில் கரையேற்றி வைத்திருக்கும் படகின் படம் பார்த்தேன். டெக் தண்ணீர் வடிய பின்சுவரில் போட்ட பித்தளைக் குழாயின் உதடு ரோஸ் நிறமாகிவிட்டது. பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகத்தை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டால் மிஞ்சுவது சல்லடைச் செம்புதான். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உதிரும். மேலே சீலன்ட் (கசிவடைக்கும் பசை) அப்பி ஒப்பேற்றாதே. குழாய் சின்னச் சாமான். ஆனால் ஃபைபருக்கு நடுவில் இருக்கும் பிளைவுட் ஊறிப்போனால் பெரிய செலவு. எஞ்சின் தொங்குவதே அந்தப் பலகையில்.

உட்பக்க உதட்டை அரத்தால் ராவி எடு. குழாய்க்குள் ஆக்சா பிளேடை விட்டு நீளவாட்டில் ஒரு கீறல் போட்டு, குறடால் உள்பக்கம் மடக்கினால் கையோடு வரும். சுத்தியலால் அடித்தால் ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் பெயர்ந்துவிடும்.

துளைக்குள் விரலை விட்டுப் பார். பிளைவுட் கறுத்து, பழுப்புத் தண்ணீர் கசிந்தால் காயவிட வேண்டும். புரட்டாசியில் நீ எப்படியும் தூண்டிலைத் தொடமாட்டாய், அந்த மாதத்தை இதற்கு வைத்துக்கொள். மழை மாதம் என்பதால் டார்ப்பாய் கட்டி ஃபேன் போடு. விரல் வைத்தால் நசுங்குகிற அளவுக்கு மரம் மக்கியிருந்தால் குழாய் மாற்றிப் பயனில்லை, பின்சுவரையே பிரிக்க வேண்டும்.

காய்ந்த பிறகு ஒரு ஆணியை ‘ட’ மாதிரி வளைத்து டிரில்லில் மாட்டி, இரண்டு ஃபைபர் தோலுக்கும் நடுவில் உள்ள மரத்தை மட்டும் சுற்றிலும் 10 மில்லிமீட்டர் சுரண்டு. அசிட்டோனில் துடைத்து, முதலில் தண்ணீர்ப் பதத்தில் எப்பாக்ஸி தடவு. மரம் குடிக்கட்டும். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே சிலிக்கா பொடி கலந்து, உளுந்து வடை மாவுப் பதத்தில் அடை. எப்பாக்ஸியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில், நம் ஊர் வெக்கைக்கு மெதுவாக இறுகும் ஸ்லோ ஹார்டனர்தான் சரி. கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு. கப் நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும்.

இறுகியதும் குழாய் அளவுக்குத் துளையிடு. இனி தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. வேலையில் முக்கால்வாசி இதுதான்.

புதுக் குழாய் ஒரு பக்கம் விரிந்தே வரும். அந்த உதடு வெளிப்பக்கம், அதனடியில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், சுற்றிலும் பாலியூரித்தேன் சீலன்ட். 3M கம்பெனியின் 5200 வேண்டாம், அடுத்த முறை கழற்ற உயிரை வாங்கும், அதே கம்பெனியின் 4200 போதும். ஹார்ட்வேர் கடைக்காரர் சிலிக்கோனை நீட்டினால் வாங்காதே, அது பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது.

உட்பக்கம் 4 மில்லிமீட்டர் நீட்டி வெட்டு. பிசிர் தேய்த்து, ஓ-ரிங் போட்டு, உதட்டை விரிக்கும் டூலின் நட்டைக் கால் திருப்பு கால் திருப்பாக முறுக்கு. நீளம் கூடினாலும் அவசரப்பட்டாலும் உதடு வெடிக்கும். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டு வேறு போடு.

சீலன்ட் இறுகியதும் வெளியே கார்க் அடைத்து டெக்கில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்று. அரை மணி நேரம் கழித்து உதட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுத்துப் படம் அனுப்பு.

அப்பா