சம்பளம் நின்றால் எங்களை விடுவியுங்கள்

மதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரக அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஏர்பஸ் 320 ஓட்டும் துணை விமானி. சொந்த ஊர் திருச்சி. 2020 மார்ச் 25 அன்று உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25-ல் மறுபடி பறக்கத் தொடங்கியபோது ரோஸ்டரில், அதாவது பணிப் பட்டியலில், என் பெயர் இல்லை. மறு அறிவிப்பு வரும்வரை சம்பளமில்லா விடுப்பு என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. மறுநாளே அமல்.

பயிற்சிக்கும், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங்குக்கும் அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் இருந்தது. தவணைக்கு ஆகஸ்ட் வரை அவகாசம் கிடைத்தது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. மாமாவின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தேன். பிவிசி குழாய் அளந்து வெட்டிக் கொடுத்தேன், பில் போட்டேன். மாலையில் லைசென்ஸ் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வானிலையியல் பாடம் எடுத்தேன். அந்த வேலைகளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ராத்திரியில்தான் மனசு அடித்துக்கொள்ளும். காக்பிட் (விமானி அறை) போஸ்டரைச் சுவரில் ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகுவேன். 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லையென்றால் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. சுவரில் ஒட்டிய காகிதம் அந்தக் கணக்கில் சேராது என்று தெரியும். கை மறந்துவிடுமோ என்ற பயம்.

நான்கு மாதம் கழித்து ஒரு பயிற்சி நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. ராஜினாமா அனுப்பினேன். ஆறு மாத நோட்டீஸ் என்றார்கள். உங்கள் 2017 விதிதான்: கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம். விமானிகள் திடீரென்று விலகினால் விமானங்கள் ரத்தாகும், பயணிகள் தவிப்பார்கள் என்பதற்காக வந்த விதி. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஓட்ட விமானமே இல்லாதபோது, நான் விலகினால் எந்தப் பயணி தவிப்பார்? நோட்டீஸ் காலத்தில் நிறுவனம் தன்னிச்சையாகச் சம்பளத்தைக் குறைத்தால் முன்கூட்டியே விடுவிக்கும்படி கேட்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. கேட்டேன். பதில் வருவதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

2021 கடைசியில் திரும்ப அழைத்தார்கள், இன்று பறக்கிறேன். ஆனாலும் இது ஒருமுறை வந்து போன கஷ்டம் இல்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு முறையும் சீருடையை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை தேடியவர்கள் எத்தனையோ பேர்.

நான் கேட்பது இதுதான். சம்பளமில்லா விடுப்பு 30 நாளைத் தாண்டினால் நோட்டீஸ் காலம் தானாகவே ரத்தாக வேண்டும். விடுப்பில் இருப்பவர் வெளியே வேலை பார்க்க யாருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது. அப்புறம், திரும்ப அழைக்கும்போது விமானம் போலவே இயங்கும் சிமுலேட்டரில் மறுபடி பயிற்சி எடுக்கும் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். எங்களிடம் கேட்கும் ஆறு மாத நோட்டீஸில் ஒரு மாதமாவது, வீட்டுக்கு அனுப்பும் முன் எங்களுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு துணை விமானி