டயரின் எதிர்ப்பக்கம்

நாமக்கல்,
வியாழன் இரவு

அன்புள்ள கண்ணு,

பைக் டயரை மாட்டும்போது கிழிந்துபோனது என்று நீ அனுப்பிய டியூப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிம் பக்கமாக, அடுத்தடுத்து இரண்டு கிழிசல். ஆணி குத்தியதில்லை அது. நெம்புகிற கம்பிக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டிக் கடிபட்டிருக்கிறது. "ரெண்டு புது டியூப் வீணாப்போச்சு, எனக்குக் கை வராதும்மா" என்று போனில் சொன்னபோது உன் குரலே கம்மிவிட்டது. கடையில் கொடுத்து மாட்டுவது தப்பில்லை. நம் வீட்டில் அடுப்பு எரிந்ததே பஞ்சர் கடை வருமானத்தில்தான். ஆனால் கை வராது என்று மட்டும் சொல்லாதே. நீ செய்தது ஒரே ஒரு தப்பு. போனில் விளக்க வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டயர் ஓரம் கடைசி அரை அடி ஏறாமல் நின்றதும் ஸ்க்ரூடிரைவரை விட்டு முழு பலத்தோடு நெம்பியிருக்கிறாய், சரியா? கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அப்படித்தான் நெம்பினேன். உங்கப்பா திட்டவில்லை. "நெம்புற இடத்தைப் பார்க்காத, எதிர்ப்பக்கம் பாரு" என்றார்.

டயர் ஓரத்துக்குள் கம்பி வளையம் ஓடுகிறது. அது ரப்பர் மாதிரி நீளாது. ரிம் விளிம்பைத் தாண்டும் அளவுக்கு அதை இழுத்துப் பெரிதாக்க யாராலும் முடியாது. ஆனால் ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்து ஓரத்தை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால், இந்தப் பக்கம் வேண்டிய தளர்ச்சி தானாக வந்துவிடும். கழற்றும்போதும் இதே கணக்குதான். கை வலிக்கிற அளவுக்கு நெம்ப வேண்டியிருந்தால் நிறுத்திவிடு. எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து ஏறியிருக்கும்.

மாட்டும்போது வால்வுக்கு நேர் எதிரே ஆரம்பித்து, இரண்டு பக்கமாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்து, வால்வு அருகில் முடி. நீ வால்வு பக்கம் ஆரம்பித்திருப்பாய் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் கடைசியில் நெம்பும்போது வால்வு அந்தப் பக்கம் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும், ஓரம் இறங்காது. முடிக்கும் நேரத்தில் வால்வை உள்பக்கமாக ஒரு தள்ளு தள்ளு, டியூப் அடியில் மாட்டாமல் விலகிக்கொள்ளும். ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் லிவரை, அதாவது டயர் நெம்புகிற கம்பியை, போடாதே.

டியூபைத் தட்டையாக உள்ளே வைக்காதே. உருண்டை வருகிற அளவுக்கு மட்டும் காற்று ஊதி, டால்கம் பவுடர் தடவி வை. மடிப்பு விழாது, லிவர் வாயிலும் சிக்காது. டயர் ஓரத்துக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஆயில், கிரீஸ் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும். புது டயரை மாட்டுவதற்கு முன் அரை மணி நேரம் வெயிலில் போடு. ஓசூர் குளிரில் ரப்பர் விறைத்துக்கிடக்கும். பழைய டயரையே திரும்ப மாட்டுவதானால், உள்ளே ஒரு துணியை வைத்துச் சுற்றிலும் தடவிப் பார். முள் இருந்தால் துணி மாட்டும், உன் விரல் தப்பிக்கும். ஸ்போக் முனைகளை மூடுகிற ரிம் டேப் கிழிந்திருந்தால் அதையும் மாற்று.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்த்து வாங்கு. 3219 என்றால் 2019ஆம் வருஷம் 32ஆவது வாரம் செய்தது. சுழற்சி அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னால் போகும்போது சக்கரம் உருளுகிற திசையை அது காட்ட வேண்டும்.

காற்று அடித்ததும் ஒருமுறை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி அடி. டியூபில் இருக்கிற சுருக்கம் நீங்கிவிடும். ரிம் ஓரமாக டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். இரண்டு பக்கமும் அது ஒரே இடைவெளியில் தெரிந்தால்தான் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காதே. டியூப் உள்ளே நகர ஆரம்பித்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கிவைத்தால் வால்வு அடியோடு அறுந்துவிடும். எவ்வளவு காற்று என்பது வண்டியிலேயே எழுதியிருக்கும், காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளந்து பார். கிளம்பும் முன் பின் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்துப் பார்க்காமல் தெருவில் இறங்காதே.

இன்னொன்று. உன் அறைத் தோழன் பழைய சேத்தக் ஸ்கூட்டரையும் கொண்டுவருகிறேன் என்கிறானாமே. அந்த ரிம் இரண்டு பாதியாக இருக்கும், நடுவில் நட்டு போட்டுச் சேர்த்திருப்பார்கள். காற்றை முழுக்க இறக்கி, வால்வுக்குள் இருக்கிற பின்னையும் கழற்றாமல் அந்த நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். நீ மூன்றாவது படிக்கும்போது நம் கடையில் லாரி சக்கரத்துக்குக் காற்று ஏற்றும்போது டயரை ரிம்மில் பிடித்துவைக்கிற இரும்பு வளையமான லாக் ரிங் தெறித்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்துகொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்காது. ரிங் காடியில் சரியாக உட்காரவில்லை. உங்கப்பா அந்த நிமிஷம் டீ வாங்க எழுந்துபோயிருந்தார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. மறுநாளே சக்கரத்தை உள்ளே வைத்துக் காற்று அடிக்க இரும்புக் கூண்டு செய்ய ஆர்டர் கொடுத்தோம். டயருக்குள் இருக்கிற காற்றுக்கு அவ்வளவு பலம், கண்ணு. வீடியோவில் பெட்ரோலை ஊற்றித் தீ வைத்து டயரை உட்கார வைக்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதே. கார் டயரும் வீட்டில் வேண்டாம், ஸ்டெப்னி மாற்றுவதோடு நிறுத்திக்கொள்.

உங்கப்பாவின் இரண்டு லிவரையும் பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன், அவருடைய பழைய லுங்கியில் சுற்றி. முனையில் சின்னதாக ஒரு சிலும்பு இருந்தது. உப்புத்தாள் வைத்து இரண்டு சாயந்தரம் தேய்த்து எடுத்துவிட்டேன், இனி டியூபைக் கிழிக்காது. லுங்கியைத் தூக்கிப் போட்டுவிடாதே, டயருக்குள் தடவிப் பார்க்க அதுவே நல்ல துணி. இரண்டு புது டியூபும் பார்சலிலேயே இருக்கிறது. 2.75–18, அப்பாவின் ஸ்பிளெண்டருக்கு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகச் செய். முடித்ததும் போட்டோ அனுப்பு. இரண்டு பக்கமும் அந்தக் கோடு முழுசாகத் தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் எடு.

அம்மா