மெலனோமாவுக்கு மார்பகப் புற்றுநோய் மாத்திரையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் தோல் புற்றுநோய்க்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் மார்பகப் புற்றுநோய் மாத்திரையே மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் மருந்தாகலாம் என்கிற தொனியில் தலைப்பு வைத்திருக்கிறீர்களே, அது சரியில்லை. மறுநாளே தெரிந்தவர் ஒருவர் போன் போட்டு, அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு எழுதிக்கொடுத்த டாமாக்சிஃபென் மாத்திரை மிச்சம் இருக்கிறது, அப்பாவின் பாதத்தில் வந்த கட்டிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். நான் கட்டியிலிருந்து எடுத்த துண்டைச் சோதிக்கும் பயாப்ஸி லேபில் வேலை பார்ப்பவள், அதனால் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும்.

அந்த மாத்திரையை மெலனோமாவுக்கு ஏற்கெனவே கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. 1992ல் இத்தாலியில் டகார்பசீன் என்ற ஊசி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, முக்கியமாகப் பெண்களுக்கு, நல்ல பலன் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அப்புறம் நடந்த பெரிய சோதனைகளில் அந்தப் பலன் நிற்கவில்லை. டாமாக்சிஃபெனையும் சேர்த்து நான்கு மருந்து கொடுக்கும் டார்ட்மவுத் முறைகூட, தனி டகார்பசீனைவிட ஆயுளைக் கூட்டவில்லை என்று 1999ல் முடிவு வந்தது.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் செல்லில் வந்து ஒட்டும் இடம்தான் ஏற்பி, மார்பகக் கட்டியில் அதை அடைப்பதுதான் டாமாக்சிஃபெனின் வேலை. மெலனோமாவிலும் ஏற்பி இருந்தும் மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். மார்பகக் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் போடும் சாயம், இருந்தால் செல்லின் உட்கருவைப் பழுப்பாக்கும். மெலனோமாத் துண்டில் அதையே போட்டால் தகராறுதான், தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே பழுப்பு, எது சாயம் எது மெலனின் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். அதனாலேயே சிவப்புச் சாயத்துக்குப் போவதுண்டு. 1970களில் கட்டியை அரைத்து, கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோன் அதில் எவ்வளவு ஒட்டுகிறது என்று அளந்து ஏற்பி இருப்பதாகச் சொன்னார்கள். மெலனின் தயாரிக்கும் டைரோசினேஸ் நொதியே அந்த ஹார்மோனோடு வினைபுரிந்து பொய்க்கணக்குக் காட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் பிறகுதான் வந்தது.

1996ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் இரண்டாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள், பெயர் பீட்டா. மெலனோமாவில் பெரும்பாலும் காணப்படுவது இதுதான், அதுவும் கட்டி ஆழமாக இறங்க இறங்கக் குறைந்துகொண்டே போகிறது. மார்பகத்தில் முதலாவது ஏற்பியான ஆல்ஃபா கட்டியை வளர்க்கும் ஆக்சிலரேட்டர் என்றால், இங்கே பீட்டா பிரேக்காக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. ஆக்சிலரேட்டருக்காக வந்த மாத்திரையை இங்கே கொடுத்து என்ன பயன்?

நீங்கள் குறிப்பிட்ட பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு இன்னும் வேறு. 2018ல் வந்த அது செல்லின் மேற்சவ்வோடு சேர்ந்த மூன்றாவது ஏற்பி ஒன்றைப் பற்றியது. அங்கே ஏற்பியைத் தடுக்கவில்லை, தூண்டிவிட்டார்கள். கூடவே நோய் எதிர்ப்பு சிகிச்சையும் கொடுத்தபோது எலிகளில் பலன் நன்றாக இருந்தது. எலிகளில் என்பதைக் கட்டுரையின் கடைசி வரியில் ஒளித்துவிட்டீர்கள். ஆண்களின் ஆண்ட்ரோஜன் ஏற்பி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, ஆண்களுக்குத்தான் இந்த நோய் மோசமாகப் போகிறது என்று தெரிந்தும்.

சரி, ஹார்மோனை விடுங்கள். வெயிலில் வெந்த வெள்ளைத்தோல் படத்தை எதற்குப் போட்டீர்கள்? நம்மவர்களுக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வரும், அதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டிக்கொண்டு, பிளேடால் சீவிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறார்கள். எங்களுக்கு வரும் துண்டிலேயே அது தெரியும், மேல்தோல் சீவப்பட்டு, புண்ணாகி இருக்கும்.

அடுத்த வாரம் கால் ஆணி என்று நினைத்து ஏமாறும் அந்தக் கருப்புத் திட்டைப் பற்றி எழுதுங்கள், பாதத்தின் படத்தோடு. இணையப் பதிப்பில் அந்தத் தலைப்பு இன்னும் அப்படியே கிடக்கிறது, அதை இன்றே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை