பழைய சிரிப்புக்குப் பழைய பதிப்பே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வுக்குச் சிறுவயது நகைச்சுவை நூல்களை மறுபடி எடுத்துப் படிக்கலாம் என்று தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை சொன்னது சரிதான். ஆனால் எந்தப் பதிப்பைப் படிப்பது, அதை நம் மலேசிய ஈரக் காற்றில் எப்படிக் காப்பது என்பதை அது தொடவே இல்லை.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை எடுத்துக்கொள்வோம். ஆற்றைக் கடக்கும்முன் அது விழித்திருக்கிறதா என்று பார்க்கச் சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். ‘சொய்’யென்று புகைகிறது. ஐயோ, விழித்திருக்கிறது என்று ஓடி வருகிறான். பிற்பாடு அணைந்துபோன அதே கட்டையை வைத்துப் பார்க்கிறார்கள், சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டதாம்! சிரிப்பு அந்த ‘அதே கட்டை’யில்தான் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து சீடர்கள் வெகு பொறுப்பாக ஆலோசனை செய்வதிலும் இருக்கிறது. கதையைச் சுருக்குகிறவர்கள் பெரும்பாலும் வெட்டுவது இந்தப் பேச்சைத்தான். அது போனால் முட்டாள்கள் மிஞ்சுவார்கள், வேடிக்கை மிஞ்சாது. கடையில் வாங்கும்முன் ஆற்றைக் கடக்கும் கதையைப் பிரித்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் எல்லாரும் அக்கரை சேர்ந்துவிட்டால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சான நூல் இது. முழு வடிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய உரைநடையில் கண் தடுக்கினால் வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு வழி கண்டுபிடித்துவிடும். இரவுக்கு ஒரு கதை போதும். ஒரே மூச்சில் முடித்தால் மூன்றாவது கதையிலேயே சிரிப்பு மரத்துப்போகும்.

மலேசியக் கேலிச்சித்திரக்காரர் லாட் 1979-இல் வெளியிட்ட ‘கம்போங் பாய்’ என்ற சித்திர நூல் வேறு வகை. சின்ன வயதில் ஆற்றில் குதிக்கும் பையன்களைப் பார்ப்போம். வளர்ந்தபின் ஈயம் தோண்டும் கப்பலைப் பார்ப்போம். படத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பதால், அந்த நூலைச் சின்னதாக்கி அச்சடித்த பிரதியில் படிப்பது வீண்.

இனி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிரதிகள். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 65-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் 5 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். பூஞ்சை கண்டதும் ஈரத்துணியால் துடைப்பதுதான் பலரும் செய்வது. அது வித்துகளைத் தாளுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். முதலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் மலிவுத் தாள் பழுப்பேறி நொறுங்கும்.

புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு அட்டை ஒட்டிய பசைதான் விருந்து. அதனால் புத்தகத்தின் முதுகுப் பக்கத்தையே முதலில் அரிக்கும். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக மூடி, ஐஸ்பெட்டி ஃபிரீசரில் −18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், முழுதாக ஒரு நாள் கழித்துத்தான் பிரிக்க வேண்டும், இல்லையேல் தாளில் நீர் கோக்கும். இதில் பூச்சி சாகும். பூஞ்சை சாகாது, தூங்கத்தான் செய்யும் (நம் சீடர்களின் ஆற்றைப் போல).

பழைய வார இதழ்களில் கம்பிப்பின் துருவேறி நடுத்தாளைத் தின்றுவிடும். பின்னைப் பிடித்து இழுக்காமல், நடுப்பக்கத்தில் அதன் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள். அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடலாம். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் பசை கசிந்து எழுத்தின்மேல் பழுப்புப் பட்டையாக நிற்கும். உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

பழைய பிரதி தேடுவோர் பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் மலாய், ஆங்கில நூல்கள்தான்; பொறுமையாகத் துழாவ வேண்டும். நடுவில் பிரித்து முகர்ந்து பாருங்கள். பழந்தாள் வாசனை பரவாயில்லை, ஈரச் சாக்கு நாற்றம் வந்தால் வேண்டாம். வாங்கியதை நேரே அலமாரியில் மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல், பையில் கட்டி இரண்டு வாரம் தனியே வைத்து, பையின் அடியில் பூச்சி அரித்த பொடி உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்