மீன்தொட்டியில் விலை மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்ச்செடிகளை நட்டு, அவற்றினூடே பலவகை வண்ணமீன்களை ஒரே தொட்டியில் வளர்க்கும் விருப்பம் திருநெல்வேலி, பாளையங்கோட்டை வீடுகளில் இப்போது பரவலாகக் காணப்படுகிறது. ஆனால் நான் பார்த்த கடைகளில் தொட்டிக் கண்ணாடியின் மேல் மீனின் பெயரும் ஜோடியின் விலையும் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மீன் எவ்வளவு நீளம் வளரும், எந்தத் தண்ணீரில் வாழும், எத்தனை மீன்களைச் சேர்த்து விட வேண்டும் என்னும் மூன்றையும் அங்கேயே எழுதி ஒட்டுமாறு கடைக்காரர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் பகுதியில் மீனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். குழாயில் வரும் தாமிரபரணி நீரும் வீட்டுப் போர்த் தண்ணீரும் ஒன்றல்ல. ராதாபுரம் பக்கத்தில் பல கிணறுகளின் நீர் வாயில் வைத்தாலே கரிக்கும். நியான் டெட்ராவும் கார்டினல் டெட்ராவும் தென் அமெரிக்காவின் மென்மையான (கரைந்த உப்புகள் குறைந்த), சற்றே அமிலத்தன்மையுள்ள ஆற்று நீருக்கு உரியவை; கப்பி, பிளாட்டி, மோலி ஆகியவையோ கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்த கடின நீரில்தான் நலமாக இருக்கும். இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே தொட்டியில் விட்டால், சண்டை எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டில் ஒன்று மெல்ல நலிந்துவிடும். போர்த் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் டெட்ராவுக்காக ஏங்காமல், கடின நீரிலும் செழிக்கும் வாலிஸ்நேரியாவை நட்டு, அதனிடையே கப்பிக் கூட்டத்தை விடலாம். அழகில் அது ஒரு மாற்றுக் குறைவு என்று நான் கருதவில்லை. குழாய் நீரைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள குளோரின் வெளியேற, அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பின்பே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

அடுத்தது நம் ஊர் வெயில். நியான் டெட்ராவுக்கு 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் ஏற்றது. சித்திரை, வைகாசியில் நம் வீட்டுத் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஏறத்தாழ அதே நிறங்களைக் கொண்ட கார்டினல் டெட்ரா கூடுதல் வெப்பத்தைப் பொறுக்கும் என்பதை விற்பவர் சொன்னால், வாங்குபவர் அதையே கேட்டு வாங்குவார். பேர்ல் கௌராமியும், அடித்தரையில் ஊர்ந்து திரியும் கூலி லோச்சும் இவ்வெப்பத்துக்கு ஈடுகொடுப்பவை. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். பகலில் ஆக்சிஜனைத் தரும் செடிகளும் இருட்டில் அதை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில்தான் தட்டுப்பாடு மிகும். செடிகள் நிறைந்திருப்பதை நம்பி மீன்களை நெருக்கி அடைத்தவர்கள், இரவில் மின்சாரமும் நின்று காற்றுக்குழாய் ஓய்ந்துவிட்டால், காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பதைக் காண நேரிடும்.

மீன்களின் குணத்தைப் பற்றி ஓரளவு பலரும் அறிவார்கள். ஏஞ்சல் மீன் வளர்ந்தபின் அதன் வாயில் அடங்கும் டெட்ரா அதற்கு இரைதான். டைகர் பார்ப் நீண்ட துடுப்புள்ள மீன்களைக் கடித்துத் துன்புறுத்தும்; இரண்டு மூன்றாக விட்டால் அத்தொல்லை அதிகம், எட்டுப் பத்தாக விட்டால் தம்முள்ளேயே துரத்திக்கொண்டு ஓரளவு அடங்கும். டெட்ராக்களும் ஆறுக்குக் குறையாமல் இருந்தால்தான் அச்சமின்றி நீந்தும் என்பதால், கூட்டமாக வாழும் இவ்வகைகளை ஜோடிக் கணக்கில் விற்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீருக்குரியது. அதுவும் சில்வர் டாலரும் செடிகளை விட்டுவைப்பதில்லை. செடித் தொட்டிக்கு இவ்விரண்டையும் கடைக்காரரே மறுத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய கேடு சக்கர் மீனால் வருகிறது. பாசி தின்று தொட்டியைத் துடைத்து வைக்கும் என்று சொல்லி விரல் நீளக் குஞ்சாக விற்கப்படும் அது, ஓர் அடிக்கு மேல் வளர்ந்து செடிகளை வேரோடு பெயர்த்துவிடும். அப்போது அதைக் கொல்ல மனமில்லாதவர்கள் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். உடலெங்கும் எலும்புக் கவசம் கொண்டதும், ஆக்சிஜன் குறைந்த நீரில் மேலே வந்து காற்றை விழுங்கி உயிர்வாழ வல்லதுமான இம்மீன், தமிழகத்தின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய டாக்கின்சியா தம்பிரபரணியெய் என்னும் கெண்டை இனம் இந்த ஆற்றுக்கே உரியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது. அத்தகைய ஆற்றில் சக்கர் மீனை விடுவதைத் தருமம் என்று எண்ணுவது தகாது. சக்கர் மீனை விற்பதானால், வளர்ந்தபின் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பையும் கடைக்காரர் ஏற்க வேண்டும்.

மீன்வளத் துறையும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் நம் ஊர்த் தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்ற மீன்கள், செடிகள் ஆகியவற்றின் அட்டவணையைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கடைகளுக்கு வழங்கினால், அதைப் பார்த்து எழுதி ஒட்டுவது கடைக்காரர்களுக்கு அரை நாள் வேலையாகவே இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை.