பாஸ் எங்களிடம் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார்களே, அக்காமார்களே, பள்ளிக்கூடப் பையோடு எங்கள் கிட்டார் ரிப்பேர் கடை வாசலில் நின்று கண்ணாடி வழியே கிட்டாரைப் பார்த்துவிட்டுப் போகும் தம்பி தங்கைகளே,

கேட்டுக் கேட்டு உங்களுக்கும், சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அலுத்துவிட்ட விஷயம்தான் முதலில். சனிக்கிழமை சாயங்காலம் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் நடக்கும் ராக் கச்சேரிக்கு எங்களிடம் பாஸும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, டிக்கெட் கிடைக்கும் ஆளின் நம்பரும் இல்லை. சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் போஸ்டரில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி கையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறாரே, அதன் மூலையில் எங்கள் கடை ஸ்டிக்கர் தெரிகிறது, எங்களிடம் பாஸ் இருக்கிறது என்ற வதந்திக்கு அதுதான் வேர். அந்தப் பெட்டிக்குக் கொக்கி மாற்றிக் கொடுத்தது நாங்கள்தான், அதோடு எங்கள் செல்வாக்கு முடிந்தது. நேற்று இரவு பத்தரை மணிக்கு ஒருவர் ஷட்டரைத் தட்டி, "ரெண்டே ரெண்டு பாஸ்ண்ணே, பொண்டாட்டி கிட்ட வாக்கு குடுத்துட்டேன்" என்றார். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

உற்சாகம் எங்களுக்கும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. இந்த ஊருக்கு ராக் புதிதல்ல, ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் திறந்தவெளி அரங்கில் வருஷா வருஷம் நடக்கிறது, ஆனால் வண்ணாரப்பேட்டைக்காரனுக்கு அது வேறு ஊர்த் திருவிழா மாதிரி, போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவதோடு சரி. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறி, கானாவுக்குப் பக்கத்திலேயே கிட்டாரையும் டிரம்ஸையும் நிறுத்திக் காட்டியபோதுதான் எங்கள் கடைக்குச் சட்டி மேளம் அடிக்கிறவரும் கிட்டார் வாசிக்கிறவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். இப்போது நம் தெருப் பையன்கள் நான்கு பேர், 1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் மண்டபத்தில் வாசிக்கப் போகிறார்கள். (நம் ராயபுரம் ரயில் நிலையம் 1856, அதாவது அந்தப் பல்கலைக்கழகம் நமக்கு ஒரு வயது இளைய தம்பி. இதை டீக்கடையில் சொல்லிச் சொல்லியே நான் ஒரு வாரம் ஓட்டிவிட்டேன்.) காசிமேட்டில் மீன் வாங்கப் போனால், கூடைக்கார ஆயா, "ராக்குன்னா என்னா தம்பி, கத்துவாங்களா?" என்று கேட்கிறார். கொஞ்சம் கத்துவார்கள் ஆயா, ஆனால் சுருதியோடு கத்துவார்கள்.

சரி, இந்த மடலுக்கு உண்மையான காரணம் வேறு. உங்கள் வேலை தாமதமாகிறது, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து பரணில் கிடந்த கிட்டாரெல்லாம் இறங்கி வந்துவிட்டது. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது, அண்ணன் காலேஜில் வாங்கி மூன்று நாள் வாசித்தது, சீட்டுப் பணத்தில் வாங்கியது என்று இப்போது கடைக்குள் நாற்பது கிட்டார்கள் நிற்கின்றன, நாங்கள் உட்கார இடமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி, கம்பியில் துரு. கடல் பக்கத்தில் இருக்கிறோம், காற்றில் உப்பு இருக்கிறது, எஃகுக் கம்பி என்ன செய்யும்? வாசித்து முடித்ததும் ஒரு காய்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாலே கம்பி இரண்டு மடங்கு நாள் வரும் என்று பத்து வருஷமாகச் சொல்கிறேன், யாரும் துடைப்பதில்லை. கம்பி மாற்ற அரை மணி நேரம் போதும், அதை அன்றைக்கே செய்து தருகிறோம். கழுத்து வளைந்த கிட்டார்தான் பிரச்சினை. அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பியும் சுருதியில் நிற்கும்போது மொத்தமாக ஏறக்குறைய 70 கிலோ இழுவை, ஒரு ஆள் தொங்குகிற மாதிரி. வருஷக்கணக்கில் அப்படியே பரணில் போட்டால் மரம் வளையாமல் என்ன செய்யும்? கழுத்துக்குள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைக் கொஞ்சமாகத் திருகி, ஒரு இரவு விட்டு, மறுநாள் பார்த்து, மறுபடி கால் சுற்று திருக வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகினால் கழுத்து கையோடு வந்துவிடும். "கச்சேரிக்கு முன்னாடி வேணும்ண்ணே" என்று கேட்பவர்களே, கச்சேரியில் வாசிக்கப் போவது நீங்கள் இல்லையே.

இன்னொன்று, வாடகை. எங்கள் டிரம்ஸ் செட்டும் பேஸ் கிட்டாருக்கான பெரிய ஆம்ப்பும் (சத்தத்தைக் கூட்டும் பெட்டி) புதன் முதல் ஞாயிறு வரை பையன்களிடம் இருக்கும், ஒத்திகை இரண்டு நாள், மேடை ஒரு நாள். அந்த வாரத்தில் பிறந்தநாளுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கேட்டிருந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், மன்னித்துவிடுங்கள். பையன்கள் முதலிலேயே சொல்லியிருந்தார்கள், ஆனால் நாங்கள் நோட்டில் எழுதவில்லை. தப்பு எங்களுடையது. டிரம்மர் தம்பி பறையில் பழகிய கை. பறையின் தோல் ஈரக் காற்றில் தொய்ந்துவிட்டால் வைக்கோல் மூட்டிச் சூடு காட்டுவோம் அல்லவா, இந்த டிரம்ஸில் பூட்டியிருப்பது பிளாஸ்டிக் தோல், அதற்கு ஈரமும் ஒன்றுதான் வெயிலும் ஒன்றுதான், சாவி போட்டு முறுக்கினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். "உயிரில்லாத தோல்ண்ணே, ஆனா ஏமாத்தாது" என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வாடகைக்கு இனிமேல் ஒரு நிபந்தனையும் உண்டு. போன வருஷம் ஒரு கல்லூரி விழாவுக்கு ஆம்ப் கொடுத்தோம். அங்கே மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் பாக்ஸில் சொருகியிருக்கிறார்கள். முதலில் ஸ்பீக்கரில் கொய்ங் என்று இரைச்சல், அப்புறம் பாடிய பையன் ஒரு கையில் கிட்டாரோடு மைக்கில் வாயை வைத்ததும் உதட்டில் சுரீர் என்று ஷாக். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆகவே எர்த் உள்ள பாயிண்ட் இருக்கிறதா என்று எங்கள் ஆள் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டி இறங்கும், கோவில் விழாவானாலும் கட்சிக் கூட்டமானாலும்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த வாரம் பிள்ளைகள் எலக்ட்ரிக் கிட்டார் கேட்பார்கள், வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று கிட்டார் விற்கிற நானே சொல்கிறேன். அதை மட்டும் வாங்கினால் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும், ஆம்ப் வேண்டும், கேபிள் வேண்டும், செலவு இரண்டு மடங்கு. முதலில் நைலான் கம்பி போட்ட சின்ன கிட்டார், விரல் அவ்வளவாக வலிக்காது. ஆறு மாதம் கழித்தும் பிள்ளை விடாமல் வாசித்தால் வாருங்கள், அப்போது பேசலாம்.

டிக்கெட் கிடைத்த பாக்கியசாலிகளுக்கு: வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், அதற்கடுத்தது அரசினர் தோட்டம். அங்கே இறங்கி வாலாஜா சாலையில் கடலைப் பார்த்து நேராக நடந்தால், கிரிக்கெட் மைதானம் தாண்டிப் பல்கலைக்கழகம். பைக்கில் போய் நிறுத்த இடம் தேடி அலையாதீர்கள். காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், எங்களிடமே இருக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும், அந்த அளவில் கால் மணி நேரத்துக்கு மேல் காதைக் கொடுப்பது ஆபத்து என்பது கணக்கு. வீட்டுப் பஞ்சைத் திணித்தால் பெரிய பயனில்லை. இப்படிச் சொல்கிற எனக்கே இடது காதில் ராத்திரியானால் ஙொய் என்று கேட்கிறது, கல்யாண மண்டபங்களில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றே பாதி வாழ்க்கை போனதன் கூலி.

கடை நேரம்: சனிக்கிழமை மதியம் ஒரு மணியோடு ஷட்டர் இறங்கிவிடும். நாங்கள் எல்லோரும் மேடைக்குப் பின்னால் கேபிள் சுருட்டப் போகிறோம், பார்வையாளராக இல்லை, அதனால் எங்களோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். ஞாயிறு முழுவதும் விடுமுறை. திங்கட்கிழமை முதல் டோக்கன் வரிசைப்படி கிட்டார்கள் தருவோம்.

ராயபுரம் சர்ச் ஐயாவுக்கு மட்டும்: உங்கள் ஆர்மோனியத்தின் துருத்தியை ஒட்டியாகிவிட்டது, ஞாயிறு ஆராதனைக்கு வேண்டுமென்று தெரியும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் பையன் சைக்கிளில் கொண்டுவந்து தருவான், வாசலில் யாராவது இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் உங்கள் கிட்டார் ரிப்பேர் கடை,
பழைய வண்ணாரப்பேட்டை